கொட்டகைக்கு வெளியே கேட்ட படம்

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே நாலு வயல்தான். சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டால், டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். காசு கிடைக்காத நாட்களில் படத்தைப் பார்க்க முடியாது, கேட்கலாம். கீற்றுக் கூரையும் இடுப்புயரச் சுவரும் எதைத்தான் தடுத்து நிறுத்தும்? காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மொத்தப் படமும் திண்ணைக்கு வந்துவிடும்.

அப்படி வந்ததில் வசனம் மட்டும் தேறாது. அத்தனை தூரம் வருவதற்குள் சொற்களெல்லாம் வழியில் உதிர்ந்து, யாரோ யாரையோ திட்டுகிற மாதிரி ஒரு இரைச்சலாகத்தான் வந்து சேரும். இசை முழுசாக வரும். வில்லன் வந்துவிட்டான், நாயகி ஓடுகிறாள், மழை பிடித்துக்கொண்டது என்பதெல்லாம் இசையை வைத்தே எங்களுக்குத் தெரிந்தது. ஷெனாய் எழுந்தால் பாட்டி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, “போயிட்டாடா, பாவம்” என்பாள். யார் போனது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் ஒருநாளும் அவள் கணிப்பு தப்பியதில்லை.

இந்த ஷெனாய் சங்கதியே வேடிக்கையானது. வடக்கே அது கல்யாண வாத்தியம். காசிப் பக்கம் ஷெனாய் கேட்டால் மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். தமிழ் சினிமாவில் அதே வாத்தியம் கேட்டால் யாரோ செத்துப்போயிருப்பார்கள், இல்லையென்றால் சாகக் கிடப்பார்கள். மங்கலத்துக்கு நமக்கு நாதஸ்வரம் இருக்கிறது. அந்த இடம் காலியில்லை. வெளியூரிலிருந்து வந்த ஷெனாய்க்குத் துக்கத்தின் வேலையைக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். எந்த வாத்தியத்துக்கும் பிறவியிலேயே சோகமோ சந்தோஷமோ கிடையாது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் காட்சியோடு கேட்டுக் கேட்டு, அர்த்தம் அதில் படிந்துவிடுகிறது. சினிமா இசை வேலை செய்கிற விதத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதி தமிழ் சினிமாவுக்கே உரியது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1931இல் வந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும் படம். அதில் பேச்சு கொஞ்சம், பாட்டு ஐம்பதுக்குப் பக்கம். மேடை நாடகத்திலிருந்து வந்த பழக்கம் அது. நடிகர் பாடியே ஆக வேண்டும், படம் எடுக்கும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் மரத்துக்குப் பின்னாலும் தட்டிக்குப் பின்னாலும் உட்கார்ந்து வாசித்தார்கள். ‘பின்னணி’ என்ற சொல்லுக்கு அப்போது நிஜமாகவே பின்னால் என்றுதான் பொருள். 1938இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் ஏற்பாடு வந்தது. பாடகர் திரைக்குப் பின்னால் போனார். ஆனாலும் வெகு சீக்கிரத்தில் நட்சத்திரமாகி முன்னுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே தங்கிவிட்டது வசனத்துக்கு அடியிலும் காட்சிக்கு நடுவிலும் ஒலிக்கிற இசைதான்.

‘சினிமா இசை’ என்று தமிழில் சொன்னால் எல்லோர் மனதிலும் வருவது பாட்டு. இசைத்தட்டில் விற்றது பாட்டு, வானொலியில் வந்தது பாட்டு, கல்யாண வீட்டுக் குழாயில் ஒலித்தது பாட்டு. பின்னணி இசைக்கு விலையும் இல்லை, பெயரும் இல்லை. அது நம் காதில் தங்கியதற்கு இரண்டு எதிர்பாராத உபகாரிகள் உண்டு. ஒன்று வானொலியின் ‘ஒலிச்சித்திரம்’. ஒரு முழுப் படத்தை ஒரு மணி நேரச் சத்தமாகச் சுருக்கிப் போடுவார்கள். இன்னொன்று ‘கதை வசனம்’ இசைத்தட்டும் கேசட்டும். ‘திருவிளையாடல்’ வசனம் ஒலிக்காத கோயில் திருவிழா இருந்ததா? 1984இல் ‘விதி’ வந்தபோது, நீதிமன்றக் காட்சி டீக்கடைக்கு டீக்கடை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு படம் பார்க்கப் பழகிய கூட்டம் நாம். வக்கீல் அடுத்த கேள்வி கேட்பதற்கு முன் வரும் அந்த ஒரு வயலின் இழுப்பைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தோம். அதைப் போட்டது யார் என்று மட்டும் கேட்டதில்லை.

பாட்டே இல்லாமல் படம் எடுக்கலாம் என்று முதலில் துணிந்தவர் ஒரு சங்கீத வித்வான் என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த முரண். 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர். தமிழில் பாடல் இல்லாத முதல் படம் அது. ஒரு கொலை, அதைப் பற்றிப் பலர் சொல்லும் வேறுவேறு கதைகள். பாட்டு வந்து உட்கார்ந்தால் விசாரணையின் முறுக்கு தளர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இசை தெரியாதவர் பாட்டை நீக்கியிருந்தால் சிக்கனம் என்று சொல்லியிருப்பார்கள். வாழ்நாளெல்லாம் இசையோடு கிடந்தவர் நீக்கியபோது அதற்கு வேறு கனம் வந்துவிட்டது.

பின்னணி இசை எப்படிச் செய்யப்பட்டது என்பது தனிக் கதை. கோடம்பாக்கத்தில் அதற்குப் பெயர் ரீ-ரெக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர். படம் எடுத்து, வெட்டி ஒட்டி, டப்பிங் முடிந்து, ரிலீஸ் தேதி கழுத்தை நெரிக்கும்போதுதான் ஆர்.ஆர். தியேட்டருக்கு வரும். ஃபிலிம் காலத்தில் ஒரு ரீல் 1,000 அடி, ஓட்டினால் சுமார் பதினொரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினாலு ரீல். திரையில் ரீல் ஓடும். இசையமைப்பாளர் பார்ப்பார். எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வார். நொட்டேஷன் எழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து, நாற்பது ஐம்பது பேர் முன்னால் வைத்து ஒரு ஒத்திகை. பிறகு சிவப்பு விளக்கு எரியும், ரீல் மறுபடி ஓடும், எல்லோரும் ஒன்றாக வாசிக்க வேண்டும். பின்வரிசை வயலின் ஒன்று பிசகினால் மொத்தப் பேரும் முதலிலிருந்து.

இதில் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃப்ரேம்கள், ஓடும். 12 சட்டத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. நாயகி கதவைத் திறந்து திரும்பிப் பார்ப்பது ஏழரையாவது விநாடி என்றால், அதற்குள் பதினைந்து தட்டுகள் முடிந்திருக்கும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போனால் அவள் முகம் தெரியும் கணம் தாளத்தின் தொடக்கத்தில் விழாது. கடைசித் தட்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும். கெட்டிக்காரர் என்ன செய்வார்? மூன்று முறை நான்கு, ஒரு முறை மூன்று என்று எண்ணிக்கையை மாற்றுவார். பதினாறாவது தட்டு புதிய சுற்றின் முதல் தட்டாகிவிடும். அவள் முகமும் அங்கே வந்து விழும். பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. “என்னமோ செய்யுது” என்பார், அவ்வளவுதான். இளையராஜா வாத்தியத்தைத் தொடாமல் காட்சியைப் பார்த்ததும் நேராகக் காகிதத்தில் எழுதிவிடுவார் என்று அவரோடு வாசித்த கலைஞர்கள் சொல்லிச் சொல்லி அது கோடம்பாக்கத்தின் புராணமாகிவிட்டது. அந்தக் காகிதத்தில் இந்தக் கூட்டல் கழித்தலும் அடக்கம்.

வசனத்தின் அடியில் இசை போடுவது இதைவிடச் சிரமம். மனிதக் குரல் புழங்கும் அதே உயரத்தில் ஒரு புல்லாங்குழல் அசைந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும், சொல் கேட்காது. அதனால் பேச்சு நடக்கும்போது செல்லோ என்ற பெரிய வயலினைக் கீழே நீளமாக இழுத்து விட்டுவிட்டு, பேச்சு மூச்சு வாங்கும் இடைவெளியில் குழலை நுழைப்பார்கள். எழுபது, எண்பதுகளின் நல்ல படங்களில் இதைக் கவனித்துக் கேட்டால், நடிகருக்கும் குழலுக்கும் நடக்கிற உரையாடல் போலவே இருக்கும். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் பேசுவார்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன்.

ஹாலிவுட்டில் ஒரு பாத்திரத்துக்கென்று ஒரு மெட்டை வைத்து, அவர் வரும்போதெல்லாம் அதை ஒலிக்கவிடும் வழக்கம் உண்டு. அந்த மெட்டு பெரும்பாலும் வெறும் வாத்திய மெட்டு. நம் படங்களில் அந்த மெட்டு முதலில் ஒரு பாட்டாக வந்திருக்கும். அதற்கு வரிகள் இருக்கும். பிறகு அதே மெட்டு வார்த்தையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழலிலோ வயலினிலோ திரும்பி வரும்போது, வார்த்தைகளை நாமே உள்ளுக்குள் பாடிக்கொள்கிறோம். திரையில் யாரும் பாடவில்லை. ஆனால் அரங்கம் முழுக்க ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கிறது. கவிஞர் எழுதிய வரியை, கவிஞர் இல்லாத காட்சியில், பார்வையாளரின் நினைவைக் கொண்டே பேசவைக்கும் வித்தை இது. படத்துக்குப் பாட்டு ஒரு வேகத்தடை என்று புலம்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

‘நாயகன்’ (1987) இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம். இளையராஜாவுக்கு அது 400ஆவது படம். ‘தென்பாண்டிச் சீமையிலே’ பாடல் ஒரு கேள்வி: தேரோடும் வீதியில் மான்போல வந்த பிள்ளையை அடித்தது யார்? புலமைப்பித்தன் எழுதியது. அப்பனைப் பறிகொடுத்து, தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு ஓடும் சிறுவனோடு அது தொடங்குகிறது. தாலாட்டு மாதிரித் தொடங்கி ஒப்பாரி மாதிரி முடிகிற மெட்டு. அதன் பிறகு அந்தச் சிறுவன் வளர்கிறான், ஆட்களை அடிக்கிறான், கொல்கிறான், பெரிய ஆளாகிறான். மெட்டு திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் கேள்வி மட்டும் மாறவில்லை: உன்னை யார் அடித்தது? இப்போது அடிப்பவனே அவன்தான். ஆனாலும் இசை அவனை அடிவாங்கிய பிள்ளையாகவே நினைவில் வைத்திருக்கிறது. கடைசியில் நீதிமன்ற வாசலில் சுடப்பட்டு விழும்போதும் அதே பாட்டு. “நீங்க நல்லவரா கெட்டவரா” என்று பேரன் வாயால் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் வசனத்தில் கிடைக்கவில்லை. நான் பதிலை இசையில்தான் கேட்டேன், உங்களுக்கு எப்படியோ.

‘தளபதி’ (1991) இன்னும் நுட்பம். போகி நாளில் குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் விட்டுவிட்டு வருகிறாள் பதினாலு வயது அம்மா. அந்தப் படத்தில் தாய்க்கும் மகனுக்கும் நடுவே இரண்டு ஒலிகள் இருக்கின்றன. ஒன்று ‘சின்னத்தாயவள்’ பாட்டின் மெட்டு. இன்னொன்று ரயிலின் கூவல். கோயிலில் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கும்போது தூரத்தில் ரயில் கூவுகிறது. ஸ்ரீவித்யாவின் முகமும் மாறுகிறது, ரஜினியின் முகமும் மாறுகிறது. அந்தக் கூவல் கதைக்குள் இருக்கும் சத்தம், பாத்திரங்களுக்குக் கேட்கும். மெட்டு கதைக்கு வெளியே இருப்பது, நமக்கு மட்டும் கேட்கும். இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிவிட்டதால், அவர்களுக்குத் தெரியாத உறவு நமக்குத் தெரிந்து, நாம் இருக்கையில் நெளிகிறோம். ஒரு வசனமும் இல்லாமல்.

எல்லா மெட்டும் இப்படிப் பாட்டிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்றில்லை. ‘மௌன ராகம்’ (1986) படத்தின் பின்னணி மெட்டு, செல்பேசி வந்த காலத்தில் ரிங்டோனாகி, படத்தையே பார்க்காத பிள்ளைகளின் சட்டைப் பையிலிருந்தெல்லாம் ஒலித்தது. பேருந்தில் ஒருவருக்கு அழைப்பு வந்தால் நாலு பேர் பையைத் தடவுவார்கள். தமிழில் பின்னணி இசைக்குத் தனி ரசிகர் கூட்டம் உருவானதில் அந்த மலிவான செல்பேசிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். ‘பேக்ரவுண்ட் மியூசிக்’ சுருங்கி ‘பிஜிஎம்’ என்ற மூன்றெழுத்து வீட்டுச் சொல்லானதும் ஏறக்குறைய அப்போதுதான்.

பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை என்றால் என்ன ஆகும்? சிங்கீதம் சீனிவாச ராவ் 1987இல் எடுத்த படம் தமிழில் ‘பேசும் படம்’ என்ற குறும்பான பெயரில் வந்தது. ஒரு வசனம்கூடக் கிடையாது. இசை எல். வைத்தியநாதன். சுவருக்குச் சுவர் வாத்தியத்தால் நிரப்பிவிடலாம் என்ற சபலம் யாருக்கும் வரும். அவர் அதைச் செய்யவில்லை. தெருச் சத்தத்தையும் பக்கத்து அறைச் சத்தத்தையும் பேசவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் உள்ளே வந்தார். மறு வருடம் பாலு மகேந்திராவின் ‘வீடு’. அதிலும் பாட்டு இல்லை. இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். சிமெண்டு மூட்டைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அல்லாடும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்காக எழுதப்படாத இசை அது. ஆனாலும் பொருந்திப்போகிறது. இன்ன உணர்ச்சி என்று அது கை காட்டாததே அதற்குக் காரணமாக இருக்கலாம். அழுகிற காட்சியில் கூடவே அழாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உறவுக்காரர் மாதிரி அது இருக்கிறது.

கூட அழுவதிலும் வித்தை உண்டுதான். வங்காளப் படமான ‘பதேர் பாஞ்சாலி’யில் ஊரிலிருந்து திரும்பிய அப்பா மகளுக்கு வாங்கிவந்த சேலையை நீட்டுகிறார். மகள் இறந்துவிட்டாள். அம்மா வாய்விட்டு அழுகிறாள். ஆனால் சத்யஜித் ராய் அவள் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தை உச்சத்தில் அலறவிட்டார். இசை ரவிசங்கர். வாய் திறந்திருக்கிறது, கேட்பது வாத்தியம். ஒரு அம்மாவின் அழுகை அத்தனை அம்மாக்களின் அழுகையாகிவிடுகிறது என்று இதற்குப் பெரிய விளக்கங்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது எளியது: நிஜ அழுகையை நாம் சகிக்க மாட்டோம், காதைத் திருப்பிக்கொள்வோம். வாத்தியம் என்றால் கேட்போம், கேட்டு மாட்டிக்கொள்வோம்.

வழக்கமாகப் பாட்டு முதலில், படப்பிடிப்பு பிறகு. இந்த வரிசை தலைகீழான ஒரு சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘ஹே ராம்’ (2000) படத்துக்கு முதலில் வேறொருவர் இசை. பாடல்களைப் படமாக்கி முடித்த பிறகு அவர் விலகிக்கொள்ள, கமல்ஹாசன் இளையராஜாவிடம் வந்தார். மறுபடி எடுக்கப் பணமில்லை. ஏற்கெனவே எடுத்த காட்சியில் அசையும் உதடுகளுக்கும் ஆடும் கால்களுக்கும் பொருந்துகிற மாதிரி, முற்றிலும் புதிய மெட்டுகள் போட்டுக் கொடுத்தார் இளையராஜா. பின்னணி இசை ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் பதிவானது. இன்றைக்கு அந்தப் பாடல்களைப் பார்த்தால் ஒட்டு தெரிகிறதா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை. ஆர்.ஆர். தியேட்டரில் கால் நூற்றாண்டு விநாடி எண்ணிய கைக்குத்தான் இது சாத்தியம்.

1992இல் ‘ரோஜா’ வந்தபோது மாறியது மெட்டு மட்டுமல்ல, வேலை செய்யும் முறையே. ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு இருந்த பஞ்சதன் ஸ்டுடியோவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கவைத்து, அடுக்கடுக்காகச் சேர்த்தார். ஐம்பது பேர் ஒன்றாக மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை. பிசகினால் அந்த ஒரு அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். இந்த முறையில் ஒலியின் தன்மையே இசையாகிறது. காற்று, மூச்சு, எதிரொலி எல்லாம் வாத்தியம். ‘பம்பாய்’ (1995) படத்தின் தீம் இசையில் நவீன் குமாரின் குழல் எத்தனை பேருடைய துக்கத்துக்கும் பொதுவாகிவிட்டது என்பதற்கு, அது பின்னால் பாலஸ்தீனப் படத்திலும் ஹாலிவுட் படத்திலும் எடுத்தாளப்பட்டதே அத்தாட்சி. இழந்தது என்ன என்று கேட்டால், கூட்டமாக வாசிக்கும்போது வரும் அந்தச் சின்ன அசைவு, யாரோ யாரையோ பார்த்து வேகத்தைக் கூட்டுவது. கணினியின் தட்டு அசையாது. வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலையும் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த டைட்டில் கார்டிலும் வந்ததில்லை.

இன்னொரு பக்கம் பின்னணி இசை திடீரென்று கதாநாயகனின் சொந்தச் சொத்தாகிவிட்டது. 1992இல் ‘அண்ணாமலை’யில்தான் சூப்பர் ஸ்டார் என்று எழுத்துகள் புள்ளி புள்ளியாக எழும் டைட்டில் கார்டு முதன்முதலில் வந்தது, அதற்கு இசை தேவா. சில விநாடிகள்தான். முப்பது வருடங்களாக அந்தச் சில விநாடிக்கு அரங்கம் எழுந்து நிற்கிறது. இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, நானும் எழுந்து நின்றவன்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு கதவு திறப்புக்கும் ஒவ்வொரு கண்ணாடி மாட்டலுக்கும் அதையே செய்யும்போது, எழுந்து நிற்கக் கால் வலிக்கிறது.

காதும் வலிக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு விஷச் சுழல் உண்டு. திரையரங்கின் ஒலிக் கருவியில் 7 என்பது தரநிலை அளவு. படத்தின் ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்பவர் அதை மனதில் வைத்துத்தான் செய்கிறார். சத்தம் அதிகம் என்று பார்வையாளர்கள் முறையிட, அரங்கத்தில் அதை 5க்கும் 4க்கும் இறக்குகிறார்கள். இறக்குவார்கள் என்று தெரிந்ததால் அடுத்த படத்தில் மிக்ஸிலேயே ஏற்றிவிடுகிறார்கள். மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம். எல்லாமே உச்சத்தில் இருந்தால் உச்சம் என்று எதைச் சொல்வது? இந்தச் சண்டையில் முதலில் அடிபடுவது வசனம், அடுத்து அமைதி. திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது வசனம் காதில் விழாததற்கு நாலு வயல் தூரம் காரணம். இப்போது நடு வரிசையில் உட்கார்ந்தும் அதே கதிதான்.

மரியாதை மட்டும் கூடியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57ஆவது தேசிய விருதில் பாடலிசைக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். பின்னணி இசைக்கு மலையாள ‘பழசிராஜா’வுக்காக இளையராஜா பெற்றார். பிறகு தன் 1000ஆவது படமான ‘தாரை தப்பட்டை’க்கும் அதே விருது. ‘சூரரைப் போற்று’க்கு ஜி.வி. பிரகாஷ் குமாரும், ‘பொன்னியின் செல்வன் 1’க்கு ரஹ்மானும் வாங்கியது இதே பிரிவில்தான். 2013இல் மிஷ்கின் பாட்டில்லாமல் எடுத்த ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்தின் டைட்டில் கார்டில் இளையராஜாவின் பெயருக்கு ‘முன்னணி இசை’ என்று போட்டார். மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெளியே வர எண்பது வருடம் ஆகியிருக்கிறது.

பாட்டுகள் குறைந்துகொண்டு வரும் இந்தக் காலத்தில், வரிகளை உள்ளுக்குள் வைத்திருக்கும் மெட்டு என்ற அந்தப் பழைய வித்தை செத்துப்போகும் என்று நினைத்தேன். அது வேறு வழியில் நுழைந்துவிட்டது. படத்துக்குள் பாட்டு இல்லாவிட்டால் என்ன, நம் தலைக்குள் நூறு வருடப் பாட்டு கிடக்கிறதே. ‘ஆரண்ய காண்டம்’ (2011) பழைய பாட்டுகளை அறைக்குள் ஒலிக்கவிட்டது. ‘விக்ரம்’ (2022) படத்தில், 1995இல் ஆதித்யன் போட்ட ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’ சண்டைக்கு நடுவே வந்து, மறந்துபோயிருந்த பாட்டு ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. இதெல்லாம் வேடிக்கைக்குத்தான் உதவும் என்று கொஞ்சம் இளக்காரமாக இருந்தேன், 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வரும்வரை.

அது மலையாளப் படம், இசை சுஷின் ஷ்யாம். கொச்சிப் பக்கத்து நண்பர்கள் 2006இல் கொடைக்கானலுக்கு வந்து, குணா குகையின் பள்ளத்தில் ஒருவன் விழுந்துவிட, இன்னொருவன் இறங்கித் தூக்கிவந்த உண்மைக் கதை. குகைக்கு அந்தப் பெயர் வந்ததே 1991இல் வந்த ‘குணா’ படத்தால். அதில் வரும் ‘கண்மணி அன்போடு’ பாதி பாட்டு, பாதி பேச்சு. எழுதத் தெரியாதவன் சொல்லச் சொல்ல அவள் எழுதும் கடிதம். வாலியின் வரிகள், இளையராஜாவின் மெட்டு, கமலும் ஜானகியும். அந்தப் படம் வந்தபோது பெரிதாக ஓடவில்லை. மனம் பிறழ்ந்த ஒருவன் அபிராமி என்று நம்பும் ஒருத்திக்குச் சொன்ன வார்த்தைகள் அவை. முப்பத்து மூன்று வருடம் கழித்து, சேறும் ரத்தமுமாக ஒரு நண்பன் இன்னொரு நண்பனைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குழியிலிருந்து மேலே வரும்போது, இது மனிதக் காதல் அல்ல என்கிற அந்த வரி வந்து விழுகிறது.

நான் பார்த்த அரங்கில் எனக்குப் பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள். ‘குணா’ வந்தபோது அவர்களில் ஒருவரும் பிறந்திருக்க மாட்டார்கள். கயிறு மேலே வர ஆரம்பித்ததுமே, படம் பாடுவதற்கு முன்னால், அவர்களில் ஒருவன் அந்த வரியைத் தொடங்கிவிட்டான்.